ராஜாஜியின் தூது

காஞ்சியை ஆண்ட தொண்டைமானிடம் அதியமான் பொருட்டு ஔவை தூது சென்ற வரலாற்றைத் தமிழர் அறிவர். நெய் பூசிப் பளபளத்த படைக்கலங்களை அவன் பெருமையுடன் காட்டினான். புகழ்வதுபோலப் பேசியே அவனை நாணச் செய்தாள் அம்மூதாட்டி. அந்த மரபில் நமது காலத்தில் தூது நடந்தவர் ராஜாஜி.

1878-ல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த அவர், சேலத்தில் வக்கீல் தொழிலில் புகழ் பெற்று, மகாத்மாவின் அழைப்புக்கு இணங்கி அதனைத் துறந்தார். 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரணியம் வரை நடந்து, உப்பெடுத்துச் சிறை புகுந்தார். 1948-ல் கவர்னர் ஜெனரலானார். இவ்வளவு பதவிகளையும் கண்ட பின்னர் அவர் மேற்கொண்ட பணியே இங்கு நாம் நினைவூட்ட விரும்புவது.

1958 முதல் நின்றிருந்த அணுகுண்டுச் சோதனைகளை 1961-ல் ரஷ்யா மீண்டும் தொடங்கிற்று, அமெரிக்காவும் பின்தொடர்ந்தது. 1962 செப்டம்பர் 28-ந் தேதி, எண்பத்து மூன்று வயதில், ராஜாஜி வாஷிங்டனில் ஜனாதிபதி கென்னடியைக் கண்டார். எதிரிக்காகக் காத்திராமல் ஒரு தரப்பு முதலில் நிறுத்த வேண்டும் என்பதே அவர் கட்சி. உடனே பலன் கிட்டவில்லை. அடுத்த மாதமே கியூபா விவகாரத்தில் உலகம் அழிவின் விளிம்புக்குச் சென்று மீண்டது.

1963 ஜூனில், பிறர் நடத்தாதவரை வானவெளிச் சோதனையைத் தாமும் நடத்துவதில்லை எனக் கென்னடி அறிவித்தார். ஆகஸ்டு 5-ந் தேதி மாஸ்கோவில் அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன் ஆகிய மூன்றும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. வானிலும் கடலிலும் சோதனை விலக்கப்பட்டது. நிலத்தடிச் சோதனை மட்டும் தப்பிற்று. ஏனெனில், வருஷத்துக்கு ஏழு முறை நேரில் பார்வையிட வேண்டுமென்றது அமெரிக்கா. மூன்றுக்கு மேல் இயலாதென்றது ரஷ்யா. ஐயம் எவ்வளவு சிறிய எண்ணில் வந்து ஒளிந்துகொள்கிறது, பாருங்கள்!

ராஜாஜியின் தூதினாலேயே இவ்வுடன்படிக்கை விளைந்ததென்று நாம் சொல்லத் துணியோம். ஆயினும், ஒருவர் முதலடி வைத்தாலன்றி இருவர் சேர்ந்து நடப்பதில்லை என்ற அவரது கட்சி மெய்யாயிற்று.

1972-ல் ராஜாஜி மறைந்தார். 1987-ல் அவ்விரு வல்லரசுகளும் செய்துகொண்ட ஏவுகணை உடன்படிக்கை 2019-ல் முறிந்து போயிற்று. நமது தேசமும் 1974-லும் 1998-லும் சோதனை நடத்திவிட்டது. பிறருக்குப் புத்தி சொல்வதோடு நமது கடமை தீர்ந்துவிட்டதென்று இனி எண்ணுவதற்கில்லை. இன்று ஔவை புறப்பட்டு வந்தால், அவளுக்குக் காட்ட நம்மிடமும் ஓர் ஆயுதக் கொட்டில் இருக்கிறது.