எண்ணிப் பார்த்த மருத்துவர் மால்கம் வாட்சன்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானுக்கு அருகில் உள்ள மந்தின், குன்றுகள் சூழ்ந்த ஊர். பழைய சாலை இங்கே மலைச்சரிவில் வளைந்து வளைந்து செல்லும். குன்றுகளுக்கு இடையே சிற்றோடைகள் ஓடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய மலையடிவாரங்களில்தான் காடுகளை அழித்து இரப்பர்த் தோட்டங்களைத் திறந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளர் பலர், வந்த சில மாதங்களிலேயே குளிர்காய்ச்சல் கண்டு மாண்டனர். குன்றிலிருந்து வழிந்தோடும் தெளிந்த நீருக்கும் அந்தச் சாவுகளுக்கும் தொடர்பு இருக்கும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. அத்தொடர்பைக் கண்டறிந்தவர் மருத்துவர் மால்கம் வாட்சன்.

வாட்சன் 1873ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற அவர், 1900ஆம் ஆண்டு மலாயா அரசாங்கத்தின் மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1901 ஜனவரியில் கிள்ளான் மாவட்டத்திற்கு அனுப்பப்பட்டார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரோனால்டு ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து அப்போது நான்கு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. கெட்ட காற்றால்தான் காய்ச்சல் வருகிறது என்று பலர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தனர்.

அக்காலக் கிள்ளான் பட்டணம் சதுப்பு நிலங்களுக்கும் காட்டுக்கும் நடுவே இருந்தது. 1901 செப்டம்பரில் அதன் அருகே சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று நாம் கிள்ளான் துறைமுகம் என அழைப்பது அதைத்தான். திறந்த சில வாரங்களிலேயே துறைமுகத் தொழிலாளரும் அதிகாரிகளும் கப்பலில் வந்தவர்களும் காய்ச்சலில் விழுந்தனர். பெரும் பொருட்செலவில் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்று அரசாங்கம் ஆலோசிக்கும் நிலை வந்தது. காட்டை வெட்டிச் சதுப்பு நீரை வடித்தால் கொசுவும் குறையும், காய்ச்சலும் குறையும் என்று வாட்சன் அறிவுரை கூறினார். அரசாங்கம் அதை ஏற்றுக் கால்வாய்களை வெட்டியது.

அறிவுரை சொன்னதோடு வாட்சன் நின்றுவிடவில்லை. அது பலித்ததா என்று அறிய இறப்புப் பதிவேடுகளைப் புரட்டினார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902இல் அந்த எண் 59ஆகக் குறைந்தது. 1905இல் 45 ஆனது. ஆனால், பட்டணத்திற்கு வெளியே, கால்வாய் வெட்டப்படாத மாவட்டப் பகுதிகளில் காய்ச்சல் சாவுகள் 266இலிருந்து 351ஆக உயர்ந்திருந்தன. வேலை நடந்த இடத்தை மட்டும் பார்க்காமல், நடக்காத இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் இவ்வட்டவணையின் சிறப்பு. இதில் ஒரு சிக்கலும் இருந்தது. தோட்டங்கள் பெருகியதால் வெளிப்பகுதிகளில் மக்கள்தொகையும் பெருகியது. ஆட்கள் கூடினால் சாவுகளின் எண்ணிக்கையும் கூடத்தானே செய்யும்? ஆகவே, அவர் வேறோர் அளவுகோலையும் எடுத்துக்கொண்டார். 1904இல் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தார். பட்டணத்திலும் துறைமுகத்திலும் 260 பிள்ளைகளில் இருவருக்கே மலேரியா ஒட்டுண்ணி இருந்தது. மற்றப் பகுதிகளில் 298 பிள்ளைகளில் 101 பேருக்கு இருந்தது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு வாட்சன் அரசுப் பணியிலிருந்து விலகித் தோட்டங்களின் மருத்துவரானார். தோட்டம் தோட்டமாகச் சென்று பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது அவருடைய வழக்கமாயிற்று. மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கினால் மண்ணீரல் வீங்கும். இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே கை வைத்தால் அந்த வீக்கம் தட்டுப்படும். நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடமும் இல்லாத லயத்திலும் இச்சோதனையைச் செய்யலாம். ஐம்பது பிள்ளைகளில் இருபது பேருக்கு மண்ணீரல் வீங்கியிருந்தால் அத்தோட்டத்தின் மண்ணீரல் விகிதம் 40 விழுக்காடு. பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளைச் சோதித்ததற்குக் காரணம் உண்டு. பெரியவர் ஊரிலேயோ வேறு தோட்டத்திலேயோ நோயைப் பெற்றிருக்கக்கூடும். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் காய்ச்சல் அத்தோட்டத்தில்தான் வந்திருக்க வேண்டும்.

இப்பணி ஒருவரால் மட்டும் ஆகக்கூடியதன்று. காலையில் பெரட்டுக்கு வந்தவர்களைக் கணக்கில் எழுதியவர் கிராணி. மருத்துவமனையில் படுத்தவர்களைக் குறித்தவர் டிரெசர். அவர்களுடைய பதிவுகளில் பிழை இருந்தால் மருத்துவரின் முடிவும் பிழையாகிவிடும். வாட்சனின் நூல்களில் தோட்டங்களின் இறப்பு விகிதங்கள் பக்கம் பக்கமாக உள்ளன. தொட்டுப் பார்க்கப்பட்ட பிள்ளைகளின் பெயர்கள் அவற்றில் இல்லை. நம் பாட்டன் பூட்டன்மார் சிலர் அந்த எண்களுக்குள் இருக்கலாம்.

கணக்கு ஒரு கட்டத்தில் வாட்சனின் சொந்தக் கருத்துக்கே எதிராகத் திரும்பியது. கடலோரச் சமநிலத் தோட்டங்களில் காட்டை வெட்டி நீரை வடித்தபின் மண்ணீரல் விகிதம் இறங்கியது. மலைப்பாங்கான தோட்டங்களிலும் அதே வேலையைச் செய்தார்கள். பள்ளங்களில் இருந்த காடு அகற்றப்பட்டது. கால்வாய்கள் துப்புரவாக வைக்கப்பட்டன. பார்வைக்குத் தோட்டம் அழகாகவும் இருந்தது. எனினும், அங்கே காய்ச்சல் குறையவில்லை. தொழிலாளர் சோம்பேறிகள், துப்புரவு தெரியாதவர்கள் என்று பழி போடுவது அன்று எளிதாக இருந்திருக்கும். வாட்சன் அவ்வாறு செய்யவில்லை. தாம் சொன்ன வழியில்தான் குறை இருக்கிறது என்று கருதி, ஓடைகளில் இறங்கிக் கொசுப்புழுக்களைத் தேடினார்.

விடை அங்கே கிடைத்தது. சமநிலத்தில் நோயைப் பரப்பிய அம்புரோசஸ் என்னும் அனோபிலஸ் கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. காடு போனால் அதுவும் போய்விடும். மலைநிலத்தில் நோயைப் பரப்பிய மாக்குலாதஸ் என்னும் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரை நாடுவது. நிழல் அடர்ந்திருந்தவரை அந்த ஓடைகளில் அதற்கு இடமில்லை. காட்டை வெட்டி வெயிலை உள்ளே விட்டதே அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது போல ஆயிற்று. சமநிலத்தில் உயிர் காத்த அதே வேலை, குன்றுகளிடையே உயிர் குடித்தது.

இதன்பின் வாட்சன் எல்லா இடத்திற்கும் ஒரே மருந்தைச் சொல்லவில்லை. மலைப்பாங்கான இடங்களில் ஊற்றுநீரை மண்ணுக்கு அடியில் புதைத்த குழாய்கள் வழியே கொண்டுசெல்லச் செய்தார். நீர் வெயிலைக் காணாவிட்டால் மாக்குலாதஸ் முட்டையிட இடமில்லை. ஆனால், குழாய் பதிக்கச் செலவு மிகுதி. பனாமா கால்வாய்ப் பகுதியில் எண்ணெய் தெளித்துக் கொசுப்புழுக்களைக் கொன்றதுபோல இங்கும் ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் முறை பிறகு பரவியது. முட்டை கொசுவாக மாற ஒரு வாரத்திற்குச் சற்று மேல் ஆகும். ஆகவே, எண்ணெய் தெளிப்பவர் வாரம் தவறாமல் ஒவ்வோர் ஓடைக்கும் திரும்பி வர வேண்டும். ஒரு வாரம் விட்டுப்போனால் புழுக்கள் கொசுவாகிப் பறந்துவிடும். மருத்துவரின் அறிவு எவ்வளவு பெரிதாயினும், அதை நிறைவேற்றியது பள்ளங்களில் ஏறி இறங்கிய தொழிலாளரின் கால்கள்தாம்.

தோட்ட முதலாளிகள் இவற்றுக்குப் பணம் கொடுத்தது இரக்கத்தால் மட்டுமன்று. தொழிலாளி இறந்தால் கடல் கடந்து இன்னொருவரை அழைத்துவரச் செலவாகும். வாட்சன் இதை நன்கு அறிந்திருந்தார். கொசு ஒழிப்பு இலாபத்தையும் தரும் என்று அவர்களுக்குக் கணக்குக் காட்டினார். அவர் காட்டிய கணக்கால் லயத்துப் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

1911ஆம் ஆண்டு மலேரியாத் தடுப்பைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் கூட்டரசு மலாய் மாநிலங்களில் மலேரியா ஆலோசனை வாரியமும் அமைக்கப்பட்டது. நோய் பரப்பும் கொசு இனத்தை முதலில் கண்டறிந்து, அதன் வாழிடத்தை மட்டும் மாற்றும் முறையைக் காண டச்சு அறிஞர் சுவெலன்கிரெபல் மலாயாவுக்கு வந்தார். பின்னர் அம்முறை இந்தோனேசியத் தீவுகளிலும் பின்பற்றப்பட்டது. 1924இல் வாட்சனுக்குச் சர் பட்டம் கிடைத்தது.

1928இல் அவர் மலாயாவை விட்டுப் புறப்பட்டு இலண்டனில் உள்ள ராஸ் ஆய்வுக்கழகத்தில் பணியாற்றினார். ஆப்பிரிக்காவில் இன்றைய சாம்பியா நாட்டின் செம்புச் சுரங்கப் பகுதியில் தொழிலாளர் காய்ச்சலால் மடிந்தபோது, அங்கும் அவரை அழைத்தார்கள். கிள்ளானில் செய்ததையே அங்கும் செய்தார். எந்தக் கொசு, எந்த நீரில் வளர்கிறது என்று முதலில் தேடிய பிறகே வேலையைத் தொடங்கச் சொன்னார். மலாயா விடுதலை பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1955இல் வாட்சன் காலமானார்.