விடை உண்டா என்று கேட்டவர்

சென்ற தவணைப் பரீட்சையில் இணைந்த கணித வினாவொன்றில் அரை மணித்தியாலத்தை இழந்தேன். ஒரு நீளத்தின் 12 மடங்கிலிருந்து அதன் கனத்தைக் கழித்தால் 20 வரக்கூடுமா என்பதே வினா. வரும் என்றே எண்ணி 1, 2, 3 எனவும் தசமங்களாகவும் பிரதியிட்டுப் பார்த்தேன். வரவேயில்லை. கணிதம் எனக்குச் சரிவராது, பாடத்தை மாற்றப்போகிறேன் என்று வாப்பாவிடம் அழுதேன். அடுத்த நாள் டீச்சர் எனக்கு ஒருவரை அறிமுகப்படுத்தினார். அவர்தான் ஷரபுத்தீன் அத்தூஸி.

ஈரானின் தூஸ் நகரத்தவரான அவர் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். டமஸ்கஸ், அலெப்போ, மோசுல் என ஊர் ஊராகச் சென்று கணிதமும் வானியலும் கற்பித்தார். டமஸ்கஸில் அவரிடம் படித்தவர்களுள் அபுல் ஃபழ்ல் என்ற தச்சரும் ஒருவர். மோசுலில் படித்த கமாலுத்தீன் இப்னு யூனுஸ், பிற்காலத்தில் புகழ்பெற்ற நஸீருத்தீன் அத்தூஸிக்கு ஆசிரியரானார். கோல் வடிவில் எளிய வானியல் கருவியொன்றையும் ஷரபுத்தீன் அமைத்தார்.

முப்படிச் சமன்பாடுகளை உமர் கையாம் முன்னரே வகைப்படுத்தி, வளையிகள் வெட்டும் புள்ளிகளைக் கொண்டு தீர்த்திருந்தார். ஷரபுத்தீன் அதற்கு முந்திய கேள்வியைக் கேட்டார்: விடை இருக்கிறதா?

என் வினாவையே அவர் வழியில் பார்ப்போம். 12ஐ 3ஆல் வகுத்தால் 4. அதன் வர்க்கமூலம் 2. அந்த இடத்தில் பெறுமானம் 24 − 8 = 16. அதற்கு இருபுறமும் பெறுமானம் குறையும் என்பதை அவர் நிறுவினார். ஆகவே 16தான் உயர்வு. 20 கேட்டால் நேர் விடை இல்லை. 16 கேட்டால் ஒன்று. 11 கேட்டால் இரண்டு.

நாம் இன்று பல்லுறுப்பியை வகையிட்டு, பெறுதியைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தித் திரும்பற் புள்ளியைக் காண்கிறோம். இங்கே 12இலிருந்து வர்க்கத்தின் 3 மடங்கைக் கழித்துப் பூச்சியமாக்கினால் அதே 2தான் கிடைக்கும். நியூட்டனும் லைப்னிட்ஸும் வருவதற்கு 400 ஆண்டுகளுக்கும் மேல் முன்பே அவர் அந்தப் புள்ளியில் நின்றிருக்கிறார். அங்கே எப்படி வந்துசேர்ந்தார் என்பதை மட்டும் தம் நூலில் விளக்கவில்லை. 1213 அளவில் அவர் வபாத்தானார்.

நான் பாடத்தை மாற்றவில்லை. இப்போது பிரதியிடத் தொடங்கு முன் திரும்பற் புள்ளியைத் தேடுகிறேன். அன்று வராத அந்த 20க்காக அழுதது வீண். வராது என்று காட்டியிருந்தால் முழுப் புள்ளியும் கிடைத்திருக்கும்.