மரம் எழுதும் நாட்குறிப்பு

மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகள் கூறும். மலைக்காடுகளின் வரலாற்றை யார் கூறுவார்? மரங்களே கூறும் என்று கண்டு, அவற்றைப் படிக்கும் முறையை உலகுக்கு அளித்தவர் ஆண்ட்ரூ எலிகாட் டக்ளஸ்.

இவர் 1867-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5-ஆம் நாள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். வானியலில் பெரும் நாட்டம் கொண்டவர். 1894-இல் பெர்சிவல் லோவல் என்ற செல்வந்தர் அரிசோனா மாநிலத்துப் பிளாக்ஸ்டாஃப் நகரில் வானாய்வுக்கூடம் அமைத்தபோது, அதற்கு இடம் தேடித் தந்தவர் டக்ளஸே. செவ்வாய்க் கோளில் அறிவுள்ள உயிர்கள் கால்வாய் வெட்டியுள்ளன என்று லோவல் உறுதியாக நம்பினார். டக்ளஸுக்கோ ஐயம் பிறந்தது. செயற்கை வட்டுகளைத் தொலைவில் வைத்துத் தொலைநோக்கியால் பார்த்தார். இல்லாத கோடுகளும் கண்ணுக்குத் தோன்றக்கூடும் என அறிந்தார். தம் ஐயத்தை மறைக்காமல் கூறியதால் 1901-இல் வேலையை இழந்தார்.

ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. கதிரவனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகுவதால், மழையும் அதற்கேற்ப மாறுமோ என்று எண்ணினார். பழைய மழைக் கணக்கு அங்கு இல்லை. ஆனால் சுற்றிலும் பாண்டரோசா பைன் மரங்கள் இருந்தன! மரம் ஆண்டுக்கொரு வளையம் இடும். மழை மிகுந்தால் வளையம் அகலும், வறண்டால் குறுகும். 1904-இல் வெட்டுமரங்களில் இந்த ஆய்வைத் தொடங்கினார்.

கடும் வறட்சியில் மரம் வளையமே இடாமலும் போகலாம். ஆகவே வெறுமனே எண்ணினால் ஆண்டு தவறும். பல மரங்களின் அகல, குறுகல் வரிசைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு வளையத்துக்கும் சரியான ஆண்டைக் குறித்தார் டக்ளஸ். 1929-இல் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த கருகிய மரத்துண்டு ஒன்று, உயிருள்ள மரங்களின் கணக்கையும் பழங்குடியினரின் பண்டைய வீட்டு உத்திரங்களின் கணக்கையும் இணைத்தது. இவ்வாறு கி.பி. 700 வரை ஆண்டுக் கணக்கு நீண்டது. 1937-இல் டூசான் நகரில், அரிசோனா பல்கலைக்கழகத்தில், மர வளைய ஆய்வுக்கூடத்தை நிறுவினார். 1962-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள், தம் 94-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் வகுத்த முறையைக் கொண்டு பின்வந்தோர் காட்டுத்தீயின் வரலாற்றைப் படித்தனர். தரையோடு பரவும் தீ, பைன் மரத்தின் அடியில் ஒரு பக்கத்தைச் சுடும். மரம் இறப்பதில்லை, புதிய வளையங்களால் புண்ணை மூட முயலும். தழும்பு எந்த வளையத்தில் உள்ளதோ அந்த ஆண்டே தீ வந்த ஆண்டு. ஒரே மரத்தில் பல தழும்புகள் காணப்படுவதும் உண்டு.

அத்தழும்புகள் கூறிய செய்தி வியப்பானது. முன்னாளில் அம்மலைக்காடுகளில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சிறு தீ வந்து, சருகையும் நெருங்கிய கன்றுகளையும் அழித்துச் சென்றது. பெரிய மரங்கள் பிழைத்தன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆடுமாடுகள் புல்லை மேய்ந்து தீர்த்ததால் தீ பரவ வழியின்றிப் போயிற்று. பின்னர் அரசும் எல்லாத் தீயையும் அணைத்தது. ஆகவே விறகு குவிந்தது. இன்று மூளும் தீ மர உச்சிவரை ஏறிக் காட்டையே விழுங்குகிறது. இதனால் பாதுகாப்பான காலம் பார்த்து, வனத்துறையினரே அங்குச் சிறு தீ இட்டுக் காட்டைக் காக்கின்றனர்.

தோழியரே! மரம் தன் தழும்பை மறைப்பதில்லை. டக்ளஸும் தம் ஐயத்தை மறைக்கவில்லை. உண்மைக்காக வேலையை இழந்தவர், உண்மையைப் படிக்கும் புதிய கலையையே உலகுக்குத் தந்தார். நாமும் கண்டதைக் கண்டவாறே சொல்லும் துணிவைப் பெறுவோமாக!