தெய்வங்களுக்கு முகம் தந்த ராஜா ரவி வர்மா

நம் இல்லங்களில் பூஜை அறையில் மாட்டியிருக்கும் லக்ஷ்மி, சரஸ்வதி படங்களைப் பார்த்துக் கைகூப்பி வளர்ந்தவர்கள் நாம். புராணத்தில் வரும் தேவிக்கு இந்த முகம், இந்தப் புடவை என்று ஏற்பட்டதில் பெரும் பங்கு ராஜா ரவி வர்மாவுடையது. அவர் தொழில் கற்ற திருவனந்தபுரத்தில் வசிப்பவன் என்ற முறையில் சில விவரங்களை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இவ்வூருக்கு வடக்கே கிளிமானூரில் 1848 ஏப்ரல் 29-ல் பிறந்தார். முதல் பாடம் மாமா ராஜராஜ வர்மாவிடம். மாமாதான் 1862-ல் அவரை ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் அரண்மனைக்கு அழைத்து வந்தார். அங்கே தைல வர்ணம் அறிந்த மதுரை ராமஸ்வாமி நாயுடு கற்றுத்தர இசையவில்லை. 1868-ல் வந்த தியோடர் ஜென்சன், தாம் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்தும் பழகியுமே தேறினார். வேதியியல் படித்த எனக்கு இதன் சிரமம் புரிகிறது. நீர் வர்ணம் சட்டென்று உலரும். எண்ணெய், காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று நாள்கணக்கில் இறுகும். அந்த அவகாசத்தில் ஒளியையும் நிழலையும் இழைக்கத் தெரிந்தால்தான் கன்னம் உயிருள்ள கன்னமாகும்.

பரோடா மன்னர் சாயாஜிராவ் 14 புராணச் சித்திரங்கள் கேட்டபோது வேறொரு சிக்கல் எழுந்தது. தமயந்தியும் சீதையும் என்ன உடுத்தியிருப்பார்கள்? ரவி வர்மாவும் தம்பி ராஜராஜ வர்மாவும் வடநாடெங்கும் சுற்றினர். எல்லோருக்கும் பொதுவான உடை எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில், மராட்டியப் பெண்கள் உடுத்தும் விதத்தை ஒட்டிய புடவையையே பெரும்பாலும் தேர்ந்தார். உயிருள்ள பெண்களை எதிரில் அமர்த்தி வரைந்தார். படங்கள் 1890-ல் முடிந்தன.

திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த கும்பகோணம் மாதவ ராவ், இப்படங்களை அச்சிட்டுப் பரப்பும்படி யோசனை கூறியிருந்தார். 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். கல்லில் எண்ணெய் மையும் நீரும் ஒட்டாது என்பதே அதன் தத்துவம். அச்சகம் கடனில் ஆழ்ந்து ஜெர்மானியரான ஷ்லைக்கர் கைக்குப் போயிற்று. தம்பி 1905-ல் காலமானார். ரவி வர்மா 1906 அக்டோபர் 2-ல் கிளிமானூரில் மறைந்தார்.

அந்த முகங்கள் ஒரே சாயல், நாடக பாணி என்று குறை கூறுவோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936-ல்தான். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, சந்நிதிக்குள் அனுமதிக்கப்படாதவர்களும் விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்து வணங்கும்படி தெய்வ உருவங்களை அச்சிட்டவர் ஓர் அரச குடும்பத்தவர். நம்மவர்கள் இதை மறக்கலாகாது.

இங்கு வரும் அன்பர்கள், பத்மநாப ஸ்வாமி தரிசனத்துக்குப் பின் மியூசியம் வளாகத்திலுள்ள ரவி வர்மா கலைக்கூடத்துக்கும் சென்று வர வேண்டுகிறேன்.