அறிவியலுக்கு அறம் செய்த வள்ளல் அழகப்பர்

ஆரணிக்கு அருகே திருமலை என்னும் சிற்றூர் உள்ளது. ஏறத்தாழ 16 மீட்டர் உயரமுள்ள நேமிநாதர் சிலையும், இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் அமைந்த குந்தவை சினாலயமும் அவ்வூருக்குப் பெருமை சேர்ப்பன. சைவ மரபில் வந்த சோழர் குலத்துப் பெண்மணி சமணப் பள்ளிக்குச் செய்த அறம் அது. அங்குள்ள முதலாம் இராசேந்திரனின் கல்வெட்டு அம்மன்னனின் கங்கைப் படையெடுப்பைக் கூறுவதால் வரலாற்றறிஞர்களால் பெரிதும் போற்றப்படுகிறது. ஆயினும் அக்கல்வெட்டு எழுந்ததன் நோக்கம் வேறு. பெரும்பாணப்பாடிக் கரைவழி மல்லியூரைச் சேர்ந்த வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை என்பவள் அப்பள்ளிக்கு ஒரு விளக்கும் திருவமுதும் அமைத்துக் கொடுத்த செய்தியைப் பதிவு செய்யவே அது வெட்டப்பட்டது.

நந்தா விளக்கிற்குப் பொருள் கொடுப்போர் அன்றைய எண்ணெய்க்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. முதலை அழியாது வைத்து, அதன் பயனால் விளக்கு நாள்தோறும் எரிய வகை செய்வர். இசுலாமிய மரபில் வக்ஃபு எனப்படும் அறக்கட்டளையின் உட்பொருளும் இதுவே. கொடுத்தவர் மறைந்த பின்னும் கொடை தொடர்ந்து பயன் தருதல் வேண்டும். இவ்வகைக் கொடையை நம் காலத்தில் அறிவியல் ஆய்வுக்கும் பொறியியல் கல்விக்கும் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. அவரே காரைக்குடி வள்ளல் டாக்டர் இராம. அழகப்பச் செட்டியார் ஆவார். அவர்தம் வாழ்வை நம் மாணாக்கர் அறிதல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

கோட்டையூரும் இலண்டனும்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அழகப்பர் பிறந்தார். நகரத்தார் மரபில் பிறந்த இளைஞர்கள் சிறு வயதிலேயே பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்று வட்டிக் கடையில் கணக்கெழுதப் பழகுவது அக்கால வழக்கம். அழகப்பர் வேறு வழியை மேற்கொண்டார். காரைக்குடியில் பள்ளிக் கல்வியை முடித்துச் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார். அங்கேயே வங்கித் தொழிலிலும் பயிற்சி பெற்றார். இலண்டனை அடுத்த குரோய்டனில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழும் பெற்றார்.

இலக்கியமும் சட்டமும் கற்ற அவர், தாயகம் திரும்பியதும் தொழில் துறையில் இறங்கினார். திருச்சூருக்கு அருகே 1937இல் நூற்பாலை ஒன்றை நிறுவினார். அவ்விடம் இன்றும் அழகப்ப நகர் என்றே வழங்குகிறது. மலாயாவில் இரப்பர், ஈயம் ஆகியவற்றிலும், இந்தியாவில் பங்கு வணிகம், காப்பீடு, விடுதி ஆகியவற்றிலும் அவர் கை படர்ந்தது. ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் விமான நிறுவனத்தையும் நடத்தினார். 1945இல் ஆங்கில அரசு அவருக்குச் ‘சர்’ பட்டம் வழங்கியது. நாடு விடுதலை பெற்றபின் அப்பட்டத்தை அவர் துறந்தார்.

செல்வம் சேர்த்தவர் பலர். அச்செல்வத்தை எவ்வழியில் செலுத்துவது என்று அவர் சிந்தித்த திறமே நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

கிண்டியில் ஒரு தொடக்கம்

இரண்டாம் உலகப் போர் நம் நாட்டின் ஒரு குறையை வெளிப்படையாகக் காட்டியது. பருத்தி இங்கே விளைந்தது. பதனிட்ட தோலும் இங்கிருந்து கப்பலேறியது. ஆனால் சாயப் பொருள்களும் வேதிப் பொருள்களும் நூற்பு எந்திரங்களும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தன. கடல் வழி தடைப்பட்டபோது பல தொழில்கள் திகைத்து நின்றன. பொருளைச் செய்யும் கைகள் நம்மிடம் இருந்தும், செய்யும் முறையை ஆய்ந்து திருத்தும் அறிவு நம்மிடம் போதிய அளவு வளரவில்லை.

அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். மருத்துவரான அவர், பல்கலைக்கழகம் தொழில்நுட்பக் கல்வியையும் மேற்கொள்ள வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அதற்கென அழகப்பர் ஐந்து இலட்சம் ரூபாயை வழங்கினார். அதன் பயனாக 1944இல் கிண்டியில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. வேதிப் பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் ஆகியவை அங்கே பட்டப் படிப்புகளாக மலர்ந்தன.

இம்மூன்று துறைகளின் பெயர்களைச் சற்று நிறுத்திப் படிக்குமாறு மாணாக்கரை வேண்டுகிறோம். நெசவு, தோல் பதனிடல், சாயம் காய்ச்சுதல் ஆகியவை நம் நாட்டில் குலத்தொழில்களாகவே நெடுங்காலம் இருந்து வந்தன. தந்தையிடமிருந்து மகன் கற்பான். பக்குவம் கைக்குத் தெரியும். காரணம் எவர்க்கும் தெரியாது. அத்தொழில்களைப் பல்கலைக்கழகத்தின் வகுப்பறைக்குள்ளும் ஆய்வுக்கூடத்துக்குள்ளும் கொண்டு சென்றது அக்கல்லூரி. தறியும் தோல் தொட்டியும் பட்டப் படிப்புக்குரிய பொருள்களாயின. எக்குடியிற் பிறந்தவரும் அவற்றைக் கற்கலாம் என்னும் நிலையும் உண்டாயிற்று.

1948இல் அக்கல்லூரியை அடுத்தே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. கற்பித்தலும் ஆய்வும் ஒரு சுவரின் இருபுறமும் நடைபெற்றன. கல்லூரி மாணவர் ஆய்வகத்துக்குச் செல்வதும், ஆய்வறிஞர் கல்லூரிக்கு வந்து பாடம் சொல்வதும் இயல்பாயின. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகியவற்றோடு இக்கல்லூரியும் இணைந்தே 1978இல் அண்ணா பெயரிலமைந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. இன்று அண்ணா பல்கலைக்கழகம் என்றதும் நம் மனத்தில் எழும் பெருமையின் ஒரு வேர் அழகப்பரின் கொடையில் இருக்கிறது.

வறண்ட மண்ணில் ஆய்வகம்

1947 சூலைத் திங்களில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டையொட்டிச் சென்னையில் ஒரு கூட்டம் நடைபெற்றது. உயர்கல்வி நகரங்களோடு நின்றுவிடாமல் ஊர்ப்புறங்களுக்கும் பரவச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று அக்கூட்டத்தில் இலட்சுமணசாமி முதலியார் கேட்டுக்கொண்டார். அவையில் இருந்த அழகப்பர் அப்பொழுதே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக வாக்களித்தார். சில வாரங்களிலேயே காந்தி மாளிகை என்னும் கட்டடத்தில் வகுப்புகள் தொடங்கிவிட்டன.

அதே காலத்தில் இந்திய அரசு, டாக்டர் சாந்தி சுவரூப் பட்நாகர் தலைமையில் தேசிய ஆய்வகங்களை ஒவ்வொன்றாக நிறுவி வந்தது. மின்வேதியியலுக்கென ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற கருத்து எழுந்தபோது, அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் தர முன்வந்தார். பெருநகரங்களை நாடிச் செல்ல வேண்டிய தேசிய ஆய்வகம் இராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட நிலத்துக்கு வந்தது. 1948 சூலை 25ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14ஆம் நாள் அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருட்டிணன் அதனைத் திறந்து வைத்தார்.

மின்வேதியியல் என்பது யாது? மின்சாரத்தால் வேதி மாற்றத்தையும், வேதி மாற்றத்தால் மின்சாரத்தையும் உண்டாக்கும் இயல். உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கின்றன. அலுமினியம் பிரித்தெடுக்கப்படுவதும் மின்சாரத்தாலேயே. மின்கலம் இவ்வியலைச் சேர்ந்தது. கடற்கரைப் பாலத்தின் இரும்பு துருவேறி அழிவதும் மின்வேதி மாற்றமே. துருவைத் தடுக்கும் முறைகள், மின்கலங்கள், மின்முலாம், காஸ்டிக் சோடாத் தொழிலுக்கு வேண்டிய தைட்டானிய மின்முனைகள் எனக் காரைக்குடி நிறுவனத்தின் ஆய்வுகள் விரிந்தன. கடற்காற்றில் உலோகம் எவ்வாறு அழிகிறது என்பதை மண்டபம் கடற்கரையில் வைத்தே அந்நிறுவனத்தார் ஆராய்ந்தனர்.

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்று ஆரணி வட்டாரத்து மாணாக்கர் எண்ண வேண்டா. ஆரணிப் பட்டின் கரையிலும் முந்தானையிலும் ஒளிரும் சரிகையை எடுத்துக்கொள்வோம். வெள்ளியை மெல்லிய கம்பியாக இழுத்துத் தட்டையாக்கிப் பட்டு நூலின்மேல் சுற்றுகின்றனர். பின்னர் அதன்மீது மின்சாரத்தின் துணையால் தங்க முலாம் ஏற்றுகின்றனர். முலாம் சீராகப் பற்றுவதும் ஒளி மங்காதிருப்பதும் கரைசலின் தன்மையையும் மின்னோட்டத்தின் அளவையும் பொறுத்தவை. நெசவாளியின் மடியில் இருக்கும் சரிகைக் கண்டிலும் மின்வேதியியல் இருக்கிறது.

நிலைத்தவையும் மறைந்தவையும்

காரைக்குடியில் 1952இல் பொறியியல் கல்லூரியும், அதனைத் தொடர்ந்து பாலிடெக்னிக்கும், ஆசிரியப் பயிற்சி, உடற்கல்வி, மகளிர் கல்வி ஆகியவற்றிற்கான நிறுவனங்களும் தோன்றின. கோட்டையூரில் தாம் வாழ்ந்த மாளிகையையே மகளிர் கல்விக்கென அழகப்பர் அளித்தார். தமிழை அவர் மறந்தாரல்லர். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமையப் பொருளுதவி செய்தவரும் அவரே. காரைக்குடி அழகப்பா கல்லூரியில் பேராசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் விளங்கிய மூதறிஞர் வ.சுப. மாணிக்கனார், அழகப்பரின் வள்ளன்மையைப் பாடிய தம் நூலுக்குக் ‘கொடைவிளக்கு’ என்று பெயரிட்டார். நந்தா விளக்கின் மரபறிந்து இட்ட பெயராக அது நமக்குத் தோன்றுகிறது.

இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. ஆயினும் இறுதி ஆண்டுகளில் கொடிய நோய் அவரை வாட்டியது. நோயுற்ற நிலையிலும் புதிய கட்டடங்களைப் பற்றியும் புதிய படிப்புகளைப் பற்றியுமே அவர் எண்ணி வந்தார். 1957 ஏப்ரல் 5ஆம் நாள், நாற்பத்தெட்டாம் வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்னதாக, அவர் மறைந்தார்.

அவர் சேர்த்தவற்றுள் விமான நிறுவனம் இன்று இல்லை. திருச்சூர் ஆலை பிற்காலத்தில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கைக்கு மாறியது. அவர் கொடுத்தவையோ நிலைத்துள்ளன. கிண்டிக் கல்லூரியும் காரைக்குடி ஆய்வகமும் தொடர்ந்து இயங்குகின்றன. காரைக்குடிக் கல்வி நிறுவனங்களின் தொடர்ச்சியாக 1985இல் அழகப்பா பல்கலைக்கழகமும் உருவாயிற்று. தமக்கென வைத்துக்கொண்டது காலத்தில் கரைய, பிறர்க்கென ஈந்தது வளர்ந்ததை இவ்வாழ்வில் நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

நமக்குரிய பொறுப்பு

நம் சமுதாயத்திலும் தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈந்த பெருமக்கள் உண்டு. வாணியம்பாடியில் 1919இல் இசுலாமியக் கல்லூரியும், திருச்சியில் 1951இல் ஜமால் முகமது கல்லூரியும், மேல்விஷாரத்தில் 1965இல் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் எழுந்தன. அவற்றால் பயன் பெற்ற குடும்பங்கள் எண்ணற்றவை. அப்பெருமக்களை நன்றியோடு நினைக்கும் அதே வேளையில், பெரியோர்கள்முன் ஓர் உண்மையையும் பணிவுடன் வைக்க விரும்புகிறோம்.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் விளைநிலங்களையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே அதற்குரிய ஈட்டைத் தர வேண்டும் என்னும் கொள்கையை நிலைநாட்டியது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் முழுவதையும் தோல் ஏற்பதில்லை. எஞ்சியது கழிவுநீரோடு வெளியேறுகிறது. அதனைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறையை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கித் தந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் அமைந்தன. ஆனால் ஆறு கெட்ட பின்னரே அந்த ஆய்வை நாம் தேடிச் சென்றோம். தொழில் முன்னே ஓட, அறிவியல் பின்னே வந்தால் விளையும் கேடு எத்தகையது என்பதற்குப் பாலாறே சான்று.

அழகப்பர் 1944இலேயே தோல் தொழில் நடக்கும் நாட்டில் தோல் தொழில்நுட்பமும், தறி ஓடும் நாட்டில் நெசவுத் தொழில்நுட்பமும் கற்பிக்கப்பட வழி செய்தார். அவர் பொறியியல் கற்றவரல்லர்; ஆய்வுக்கூடத்தில் நின்றவருமல்லர். இலக்கியம் கற்ற ஒருவர், தாம் கல்லாத துறையின் தேவையை உணர்ந்து கொடுத்தார் என்பதே நம் தமிழ்த்துறை மாணாக்கர் கருத்தில் கொள்ளத்தக்கது.

எனவே பெரியோர்களிடம் நாம் வேண்டுவது ஒன்று. பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஈயும் கரம், ஆய்வுக்கும் ஈதல் வேண்டும். ஒரு மாணவரின் ஆய்வுப் படிப்புக்கான உதவித்தொகையும், கழிவுநீரைச் சோதிக்கும் ஒரு சிறு ஆய்வுக்கூடமும் அறமேயாகும். மாணாக்கரிடம் வேண்டுவதும் ஒன்றுண்டு. தந்தையின் தறியையும் தோல் தொட்டியையும் விட்டு விலகுவதற்காக மட்டும் படியாதீர்கள்; அவற்றைத் திருத்தும் அறிவோடு திரும்பி வருவதற்காகவும் படியுங்கள். கற்க வருவோர் இல்லையேல் எத்துணைப் பெரிய கொடையும் வெறுங்கட்டடமாகவே நிற்கும். அழகப்பர் கொடுத்துச் சென்றார். அக்கொடையைப் பயனுடையதாக்கும் கடமை கற்கும் தலைமுறைக்கு உரியது.