பணிக்கர் போட்ட கணக்கு



இப்போது லிஃப்டில் ஏறினாலும், மாலையில் கீழே நடந்தாலும், பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிப்பு என்பதுதான் பேச்சு. நான் வங்கியில் இருந்தவன் என்பதால் கல்விக் கடன் விவரம் கேட்டுச் சிலர் வருவது வழக்கம். போன வாரம் வந்தவர் கடனைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர் பெண் ஓவியம்தான் படிப்பேன் என்கிறாளாம். "படிச்சுட்டு சாப்பாட்டுக்கு என்ன சார் வழி?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்ட அதே கேள்விக்காகப் பாடுபட்ட ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் கதை அது.

பணிக்கர் 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு கேரளத்தில் பொன்னானியில். அந்த ஊரின் மரமும் நீரும் பச்சையும் மனதில் பதிந்து, சிறு வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கிவிட்டார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தவர் தந்தை இறந்ததால் படிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. குடும்பத்தைக் காப்பாற்றத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். பிறகு இன்சூரன்ஸ் வேலை. நம்மில் பலருக்குத் தெரிந்த வாழ்க்கைதான் இது. மாதச் சம்பளம் வரும், ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுவோம்.

அவர் மூட்டை கட்டவில்லை. 1936இல், தம் 25ஆவது வயதில், வேலையை விட்டுவிட்டுச் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். நம் ஊர் தோல் வியாபாரிகள் காலங்காலமாகப் போய்வரும் பெரியமேட்டுக்கு அருகில்தான் அந்தப் பள்ளி இருக்கிறது. 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. பணிக்கர் சேர்ந்தபோது முதல்வராக இருந்தவர் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள், அதைச் செய்தவர் அவர்தான்.

1940இல் படிப்பை முடித்த பணிக்கர் அடுத்த ஆண்டே அங்கு ஆசிரியரானார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954இல் லண்டனிலும் பாரிஸிலும் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1957இல் கல்லூரி முதல்வரானார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. வருஷா வருஷம் நல்ல கை உள்ள பிள்ளைகள் படித்து வெளியே போகிறார்கள். ஆனால் ஓவியம் வாங்க ஆள் இல்லை. கிடைத்த வேலைக்குப் போனவர்கள் கொஞ்ச நாளில் தூரிகையைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள். படிப்பைக் கொடுத்த நாம் பிழைப்புக்கும் ஒரு வழி காட்ட வேண்டாமா என்று யோசித்தார்.

அவர் போட்ட கணக்கு எனக்குப் பிடித்த பகுதி. ஓவியம் விற்காது, சரி. கைவினைப் பொருள் விற்குமே! ஓவியர்கள் நாளின் ஒரு பகுதியில் பாத்திக் துணி போன்ற பொருட்களைச் செய்து விற்க வேண்டியது. பாத்திக் என்றால் துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் தோய்ப்பது. மெழுகு உள்ள இடத்தில் சாயம் ஏறாது. அந்த வருமானத்தில் சாப்பாடு நடக்கும், மீதி நேரத்தில் யாருக்கும் வளையாமல் தனக்குப் பிடித்ததை வரையலாம். இதற்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். விற்பனையில் சேர்ந்த பணத்தைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கே பிறந்தது. ஓவியர்கள் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். பட்டறையும் காட்சிக்கூடமும் பொது. அதாவது நம்மைப் போல ஒரு குடியிருப்போர் சங்கம்தான். தனி வீடு, பொதுச் சொத்து, பொதுச் செலவு எல்லாம் அங்கும் உண்டு.

தம்முடைய ஓவியத்திலும் அவர் நிற்காமல் நகர்ந்தார். 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையை வரைந்தார். எண்கள், கணிதக் குறிகள், ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், படிக்க வராத எழுத்துகள். முதல் முறை பார்த்தபோது எனக்குப் பழைய பேரேட்டுப் பக்கம்தான் நினைவுக்கு வந்தது. 35 வருஷம் கட்டம் போட்டு எண் எழுதியவன் நான். அதில் அழகும் இருக்கக்கூடும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

1967இல் ஓய்வு பெற்றார். 1977 ஜனவரியில் காலமானார். கிராமம் அவரோடு முடிந்துவிடவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது இறங்கிப் பாருங்கள், அருங்காட்சியகமும் இருக்கிறது.

இனி, நான் பதில் சொல்லத் தயங்கிய காரணம். என் மகள் பிளஸ் டூ முடித்தபோது கட்டடக்கலை படிக்க ஆசைப்பட்டாள். ஐந்து வருஷம் ஆகும், வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லி பி.காம். சேர்த்துவிட்டேன். இன்று நல்ல வேலையில்தான் இருக்கிறாள், குறை சொன்னதும் இல்லை. ஆனால் அவள் ஃபிளாட் வாங்கியபோது, பில்டர் கொடுத்த பிளானைப் பார்த்து, ஜன்னல் இந்தப் பக்கம் இருந்தால் மத்தியான வெயில் உள்ளே வராது, காற்றும் வரும் என்று பென்சிலால் திருத்திக் காட்டினாள். பில்டர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். நான் தலை குனிந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

வந்த நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, நான்கு வருஷப் படிப்பு. மாமல்லபுரத்தில் அரசு கட்டட, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. கட்டடக்கலைக்கு 'நாட்டா' தேர்வு எழுத வேண்டும். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வாருங்கள். சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற கேள்வியை அவளிடமும் கேளுங்கள். ஆனால் அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். நான் காத்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மூவரும் சென்னை போகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் வேறு யாராவது சேர்ந்து போக விரும்பினால் சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள்.