பரிந்து பேச ஒரு தாய்! – வீரமாமுனிவர் வாழ்க்கை

கல்வராயன் மலையில் மழை பெய்தால் கள்ளக்குறிச்சிச் சீமைக்குக் கொண்டாட்டம். மலையிலிருந்து இறங்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வயல்களுக்கு உயிர் கொடுக்கின்றன. மணிமுத்தாறு கிழக்கே ஓடி விருத்தாசலத்தைத் தொடுகிறது. அங்கே ஆற்றங்கரையில் பழமலைநாதர் கோயில். அம்மனுக்கு விருத்தாம்பிகை என்று பெயர். தமிழில் பெரியநாயகி.

அதே விருத்தாசலம் வட்டாரத்தில் இன்னொரு பெரியநாயகியும் இருக்கிறாள். கோணான்குப்பம் என்ற சிற்றூரில், மாதா கோயிலில் இருக்கிறாள்! அவள் ஏசுநாதரின் தாய். மேல்நாட்டு அங்கியும் முக்காடும் அவளுக்கு இல்லை. தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்தி, கையில் குழந்தையுடன் நிற்கிறாள். ஜனவரி மாதத் திருவிழாவில் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்தும் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்து கூடுகிறார்கள். பிள்ளை வரம் வேண்டுவோர், நோய் தீர வேண்டுவோர், கடன் தீர வேண்டுவோர் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

அவர்கள் கேட்பது என்ன? கடவுளிடம் எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லும் தாயே என்பதுதான்.

மாதாவுக்குத் தமிழ்ப் பெயரும் தமிழ்ச் சேலையும் கொடுத்து அந்த ஊரில் குடியேற்றியவர் ஓர் இத்தாலியர். அவர் வேறு யாருமல்ல. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர்தான்!

புனிதர் பிறந்த ஊர்

இத்தாலியின் வடபகுதியில் காஸ்திலியோனே என்ற ஊர். அங்கே 1680ம் ஆண்டு நவம்பர் 8ந் தேதி பிறந்தார் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. அந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. ஞானப்பிரகாசியார் என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் அழைக்கும் அலோசியஸ் கொன்சாகா பிறந்ததும் அதே ஊரில்தான். பிரபுவின் மூத்த மகனாகப் பிறந்த அவர், பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துத் துறவியானார். ரோமாபுரியில் கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்தபோது நோய் தொற்றி, 1591ல் 23 வயதில் உயிர் துறந்தார்.

தன் ஊர்த் தெருவில் ஓடி விளையாடிய பிள்ளை இப்போது கடவுளின் பக்கத்தில் இருக்கிறான், கேட்டால் நமக்காகப் பேசுவான் என்று நம்பிய ஊர் அது. அந்த நம்பிக்கைக்கு நடுவில்தான் பெஸ்கி வளர்ந்தார். ஞானப்பிரகாசியார் சேர்ந்திருந்த ஏசு சபையிலேயே 1698ல் தாமும் சேர்ந்தார். 1709ல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே கப்பல் ஏறி கோவா வந்து சேர்ந்தார். 1711ல் தமிழ்நாட்டில் மதுரை மிஷனில் அடி எடுத்து வைத்தார். அப்பொழுது அவருக்கு வயது 30.

தைரியநாத சுவாமி

மதுரை மிஷனில் பாதிரிமார் வெள்ளைக்காரராக வாழக் கூடாது. காவி உடுத்த வேண்டும். புலால் உண்ணக் கூடாது. ராபர்ட் டி நொபிலி, அதாவது தத்துவபோதகர், 1606ல் மதுரைக்கு வந்து தொடங்கிவைத்த வழக்கம் இது. பெஸ்கியும் அப்படியே மாறினார். கான்ஸ்டன்டைன் என்ற தம் பெயரின் பொருளைத் தமிழாக்கித் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். வீரமாமுனிவர் என்ற பெயர் பின்னால் வந்தது.

பெயருக்கேற்ற சோதனையும் விரைவிலேயே வந்தது. காமநாயக்கன்பட்டி, கயத்தாறு பக்கங்களில் அவர் வேலை செய்த ஆரம்ப காலத்தில், குருக்கள்பட்டி என்ற ஊரில் பிடிபட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. கடைசியில் உயிர் தப்பினார். அவருக்கு 20 வருடங்களுக்கு முன்பு, 1693 பிப்ரவரி 4ந் தேதி, இதே மிஷனைச் சேர்ந்த அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்திருந்தார். அந்த மணல்மேட்டைத் தேடி மக்கள் போகத் தொடங்கியிருந்த காலம் அது. ஒரு மனிதர் இறந்த பிறகும் ஜனங்கள் அவரைக் கூப்பிட்டு உதவி கேட்பதை வீரமாமுனிவர் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. அது அவர் வாழ்ந்த நாட்டிலேயே நடந்தது.

இரண்டு கோயில்கள்

பின்பு அவர் வடக்கே வந்தார். கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சி அவருக்கு நிலையான இருப்பிடமாயிற்று. அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்குள்ள மாதாவை அடைக்கலநாயகி என்று அழைத்தார். கோணான்குப்பத்து மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர். விருத்தாசலம் சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பழகிய பெயர் அது. புதிய மதத்தின் தாய் அந்நியப் பெயரோடு வந்து நிற்கவில்லை.

கோணான்குப்பம் கோயிலைப் பற்றி அவ்வட்டாரத்தில் ஒரு கதை வழங்குகிறது. முகாசாபரூர் கச்சிராயருக்குப் பிள்ளை இல்லை. காட்டில் மறைந்திருந்த சுரூபத்தின் உருவில் மாதா அவர் கனவில் தோன்றி, தமக்கு அங்கே ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டாளாம். பிள்ளையும் பிறந்தது; கோயிலும் எழுந்தது என்கிறார்கள். பெரியநாயகியின் உருவத்தைத் தமிழ்ப் பெண் கோலத்தில் வரைந்து அனுப்பி, மணிலா நகரில் செய்வித்து முனிவர் தருவித்தார் என்பதும் வழிவழியாக வரும் செய்தி.

ஏலாக்குறிச்சியிலும் இப்படி ஒரு கதை உண்டு. அரியலூர் மழவராயருக்கு ராஜபிளவை கண்டதாம். முனிவர் மாதாவை வேண்டி மருந்திட, புண் ஆறியதாம். மன்னர் கோயிலுக்கு நிலம் விட்டாராம்.

கதைகளைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இரண்டு கதைகளிலும் ஒரே செய்தி இருப்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டிலும் உதவி பெற்றவர் கிறிஸ்தவர் அல்ல. தாயிடம் கேட்பதற்குச் சாதி, சமயம் தடையில்லை என்று அந்தச் சீமை நினைத்தது.

ஆராதனை வேறு, வணக்கம் வேறு

கத்தோலிக்கர் நம்பிக்கை இதுதான். ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. வரம் கொடுப்பவரும் அவர் ஒருவரே. புனிதர்கள் மனிதர்கள்; அவர்களுக்குச் சொந்தச் சக்தி கிடையாது. ஆனால் கடவுளோடு சேர்ந்தவர்களுக்குச் சாவு முடிவல்ல. உயிரோடு இருக்கும் நண்பனிடம் எனக்காக ஜெபம் செய் என்று கேட்கிறோம். அதேபோல் பரலோகத்தில் இருக்கும் நண்பரிடமும் கேட்கலாம். மாதாவும் அப்படித்தான் பரிந்து பேசுகிறாள். திரெந்து நகரில் கூடிய திருச்சபையின் பெருஞ்சங்கம் 1563ல் இதை நல்லது, பயனுள்ளது என்று உறுதி செய்தது.

இது தமிழருக்குப் புரியாத விஷயமல்ல. அப்பாவிடம் கேட்கப் பயந்த பிள்ளை அம்மாவிடம் போய் நிற்பது எந்த வீட்டில் இல்லை? பெருமாளிடம் தாயார் அடியார்களுக்காகப் பரிந்து பேசுவதை வைணவர்கள் புருஷகாரம் என்று தத்துவமாகவே வகுத்திருக்கிறார்கள். வீரமாமுனிவர் விதைத்தது பண்பட்ட நிலத்தில்தான்.

தரங்கம்பாடியிலிருந்து எதிர்ப்பு

எதிர்ப்பு வந்தது இன்னொரு கிறிஸ்தவ இடத்திலிருந்து! டென்மார்க்குக்காரர்களின் தரங்கம்பாடிக்கு 1706ல் சீகன்பால்கும் புளுட்சோவும் வந்திறங்கினார்கள். அவர்கள் லூத்தரைப் பின்பற்றியவர்கள். சீகன்பால்கு அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டார். சில ஆண்டுகளில் அவர்களுடைய பிரசங்கமும் புத்தகங்களும் உள்நாட்டுக்குள் பரவின.

அவர்களுடைய கேள்வி எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் நிற்பவர் ஏசுநாதர் ஒருவரே என்று வேதம் சொல்லும்போது, இன்னொரு சிபாரிசு எதற்கு? புனிதர்களை நினைக்கலாம், அவர்களைப் போல நடக்கலாம். ஆனால் அவர்களைக் கூப்பிட்டு உதவி கேட்க வேதத்தில் கட்டளை எங்கே? லூத்தர் சபையார் 1530லேயே தங்கள் விசுவாச அறிக்கையில் எழுதிவைத்த கொள்கை இது. சுரூபத்தின் முன் விழுந்து கும்பிடும் பாமரன் கடவுளை மறந்துவிட மாட்டானா என்ற கவலையும் அதில் இருந்தது.

வீரமாமுனிவர் சும்மா இருக்கவில்லை. வேதவிளக்கம், பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்று உரைநடையில் நூல்கள் எழுதிக் கத்தோலிக்கக் கொள்கைகளுக்காக வாதாடினார். நோயாளியும் ஏழையும் மாதாவின் காலடியில் வைத்த நம்பிக்கையைப் பிடுங்க வருகிறார்கள் என்று அவருக்குப் பட்டது. எதிரியைச் சாடும்போது அவர் பேனா கடுமையானது. அந்தக் காலத்து மதச் சண்டையில் இரண்டு பக்கமும் இனிய சொல் குறைவு.

இருந்தாலும் ஒரு வேடிக்கை நடந்தது. பேச்சுத் தமிழுக்கு வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738ல் அச்சேறியது. அச்சிட்டது யார் தெரியுமா? அதே தரங்கம்பாடி லூத்தரன் அச்சுக்கூடம்தான்! சமயத்தில் எதிரியானாலும் தமிழில் அவரை விட்டால் ஆளில்லை என்பதை எதிரிகளே ஒப்புக்கொண்டார்கள்.

பாட்டில் வைத்த விண்ணப்பம்

வாதத்தைவிட அவருடைய பாட்டு அதிக தூரம் சென்றது. திருக்காவலூர்க் கலம்பகம், அடைக்கலமாலை, அன்னை அழுங்கல் அந்தாதி எல்லாம் மாதாவின் புகழ் பாடுபவை. கித்தேரியம்மாள் அம்மானை ஒரு கன்னிப் பெண்ணின் கதை. விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த புனிதை அவள். தமிழ்ப் பெண்களுக்குப் பழக்கமான அம்மானை மெட்டில் அவள் வரலாற்றைப் பாடினார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் தேம்பாவணி. 1726ல் முடிந்தது. 3 காண்டம், 36 படலம், 3,615 பாட்டு. காப்பியத்தின் தலைவர் யார்? அரசரல்ல, போர் வீரருமல்ல. ஏசுநாதரை வளர்த்த சூசையப்பர் என்ற தச்சர்! அவருக்கு வளன் என்று அழகான தமிழ்ப் பெயர் சூட்டினார் முனிவர். வேதத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதர் அவர். அவருக்குக் கம்பன் வழியில் ஒரு பெருங்காப்பியம் கிடைத்தது. அதே 1726ம் ஆண்டு டிசம்பர் 31ந் தேதி, முனிவருடைய ஊர்க்காரரான ஞானப்பிரகாசியாருக்கு ரோமாபுரியில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

சதுரகராதி, தொன்னூல் விளக்கம், திருக்குறளின் அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்கும் லத்தீன் மொழிபெயர்ப்பு, சிரிக்க வைக்கும் பரமார்த்த குரு கதை என்று அவர் செய்த தமிழ்த் தொண்டு தனிக் கட்டுரைக்கு உரியது.

கடைசிப் பிரயாணம்

1740க்குப் பின் நாடு அமளிப்பட்டது. 1741ல் மராட்டியர் திருச்சியைப் பிடித்தார்கள். ஊர்கள் சூறையாடப்பட்டன. வயதான முனிவர் தாம் உண்டாக்கிய திருக்காவலூரையும் பெரியநாயகியையும் விட்டுத் தெற்கே போக நேர்ந்தது. கடைசி நாட்களைக் கேரளத்தில் அம்பழக்காடு என்ற இடத்தில் ஏசு சபை மடத்தில் கழித்தார்.

கத்தோலிக்கர் நல்ல மரணத்துக்குச் சூசையப்பரை வேண்டிக்கொள்வார்கள். ஏசுநாதரும் மாதாவும் பக்கத்தில் இருக்க அவர் கண் மூடினார் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தச் சூசையப்பரைப் பாடியவர் 1747 பிப்ரவரி 4ந் தேதி காலமானார். ஓரியூரில் அருளானந்தர் வெட்டுண்ட அதே தேதி!

இருவருக்கும் பின்னால் நேர்ந்தது வேறு வேறு. சரியாக 200 ஆண்டுகளுக்குப் பிறகு, 1947 ஜூன் 22ந் தேதி, அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. வீரமாமுனிவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அவருக்குத் திருநாள் கிடையாது, பீடமும் கிடையாது. தமிழ்நாடு அவருக்குக் கொடுத்தது வேறு இடம். 1968ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் எழுந்த தமிழ்ப் பெரியார் சிலைகளின் வரிசையில் அவரும் நிற்கிறார்.

அவர் நடத்திய வாதம் இன்னும் தீரவில்லை. மாதாவைக் கூப்பிட்டு வேண்டும் கிறிஸ்தவர்களும் உண்டு. கூடாது என்பவர்களும் தமிழ்நாட்டில் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கிறார்கள். மறுப்பு நூல்களை இப்போது ஆராய்ச்சிக்காரர்கள்தான் புரட்டுகிறார்கள். ஆனால் கோணான்குப்பத்துக்கு ஒவ்வொரு தை மாதமும் கூட்டம் வருகிறது. தேர்வுக்குப் போகும் மகனுக்காக ஒரு தாய், மருத்துவமனையில் கிடக்கும் கணவனுக்காக ஒரு மனைவி, மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து, சேலை கட்டிய அந்தத் தாயிடம் முறையிடுகிறார்கள்.

அந்த முறையீட்டுக்குத் தமிழ் வார்த்தை கொடுத்தவர் வீரமாமுனிவர். அவரிடம் வேண்டிக்கொள்ள யாருக்கும் கோயில் இல்லை. அவர் கட்டிய கோயிலிலோ வேண்டுதல் ஓயவில்லை.